கராஜ் அண்ணை பதில்கள்: எந்த மோட்டார் சைக்கிள் எம்.ஓ.ரி-யில் விழாது?

(எம்.ஓ.ரி என்பது, வாகனம் றோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பிரித்தானியாவில் வருடா வருடம் பார்க்கும் கட்டாயப் பரிசோதனை. வட லண்டனில் 17 வருடமாக மோட்டார் சைக்கிள் எம்.ஓ.ரி பரிசோதகராக இருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

அண்ணை, மகனுக்கு வாற ஆவணியில் 17 வயது முடிகிறது. கொலிஜ்ஜுக்குப் போகவும் பகுதிநேர வேலைக்கும் 125 சி.சி. ஒன்று கேட்கிறான். 1,500 பவுணுக்குள் பழையது வாங்க நினைக்கிறோம். எந்தக் கொம்பனி எம்.ஓ.ரி-யில் குறைவாக விழுகிறது என்று ஒரு பட்டியல் தருவீர்களா? ஜப்பான் சாமானைத் தவிர வேறெதையும் தொடாதே என்று மச்சான் சொல்கிறார். — ஒரு தகப்பன், ஹரோ

பட்டியல் தரமாட்டேன் அண்ணை. இருக்கிற பட்டியல்கள் உங்களைப் பிழையான பைக்கிடம் கொண்டுபோய் விடும் என்பதுதான் காரணம்.

நாங்கள் செய்கிற ஒவ்வொரு ரெஸ்ற்றின் முடிவும் அரசாங்கக் கணினிக்குப் போகிறது. சொந்தக்காரர் பெயர் இல்லாமல் அந்த விவரத்தை வெளியிடுகிறார்கள். அதை எடுத்து, இந்த மேக் (கொம்பனி) நூற்றுக்கு இத்தனை பாஸ், அந்த மேக் இத்தனை ஃபெயில் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று பாருங்கோ. பதினையாயிரம் பவுண் கொடுத்து ஒருவர் வாங்கும் பெரிய பைக், சித்திரை முதல் புரட்டாதி வரை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மட்டும் ஓடும். மாரியில் போர்வை போர்த்தி கராஜுக்குள் நிற்கும். 125 சி.சி. பைக் மார்கழிக் குளிரிலும், கவுன்சில் உப்புக் கொட்டின றோட்டில் விடிய ஆறு மணிக்கு வேலைக்குப் போகும். இரவில் நடைபாதையோரம் மழையில் நிற்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து எது உறுதியானது என்று கேட்டால், எது உப்புக் குடிக்கவில்லை என்ற பதில்தான் வரும்.

போன பங்குனியில் ஒரே நாளில் என்னிடம் வந்த இரண்டு வண்டிகளைச் சொல்கிறேன். முதலாவது, 41,000 மைல் ஓடின ஒரு ஹொண்டா பி.சி.எக்ஸ் ஸ்கூற்றர். பிளாஸ்ரிக் எல்லாம் கீறல், சீற்றுக்கு ரேப் ஒட்டியிருந்தது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற, இரண்டு பிள்ளைகளின் தகப்பன் அதன் சொந்தக்காரர். பிறேக் பாட் புதியது. ரயரில் ஆழம் இருந்தது. எல்லா லைற்றும் எரிந்தது. ஒரு சொல்லும் எழுதாமல் பாஸ் போட்டேன். பின்னேரம் வந்தது எட்டு வருடத்தில் 2,300 மைல் மட்டும் ஓடின ஆயிரம் சி.சி. பைக். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். முன் பிறேக் கலிப்பரில் ஒரு பிஸ்ரன் இறுகிப்போய், சில்லைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை. ரயர் வண்டி புதிதாக வந்த நாளில் போட்டதுதான், பக்கமெல்லாம் வெடிப்பு. முன் ஃபோர்க்கில் ஒயில் வடிந்து பிறேக் டிஸ்க் வரை வந்திருந்தது. ஃபெயில். எட்டு வருடத்தில் ஒருதரம்கூட பிறேக் ஒயில் மாற்றவில்லை. ஓடவில்லைத்தானே, ஏன் மாற்ற வேண்டும் என்று சொந்தக்காரர் என்னிடமே கேட்டார். பட்டியலில் இந்த ஃபெயில் அந்தக் கொம்பனியின் கணக்கில் போய் விழுந்திருக்கும்.

அடுத்தது, எம்.ஓ.ரி-யில் நாங்கள் எஞ்சினைச் சோதிப்பதில்லை. கியர்பொக்ஸ், கிளச்சின் நிலையையும் பார்ப்பதில்லை. பார்ப்பது பிறேக், லைற், ஹோர்ன், ரயர், சில்லு, ஹாண்டில் பேரிங், சஸ்பென்ஷன், ஃபிறேம், செயினும் பல்லுச்சக்கரமும், சைலன்சர், பெற்றோல் ஒழுக்கு, நம்பர் பிளேற், இரண்டு சில்லும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்பவை. பிறேக்கில் ஒன்றுக்கு 30 வீதமும் மற்றதற்கு 25 வீதமும் திறன் வரவேண்டும். வண்டி நிற்குமா, நேராகப் போகுமா, மற்றவன் கண்ணுக்குத் தெரியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. நாளைக்கு வழியில் எஞ்சின் நின்றுவிடுமா என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. பைக்குகளில் அதிகம் விழுவது லைற்றும் சிக்னலும். ஐந்து பவுண் பல்ப்புக்காக விழுகிற வண்டியையும், பிறேக் இறுகி விழுகிற வண்டியையும் பட்டியல் ஒரே ஃபெயிலாகத்தான் எண்ணும்.

ஆகவே மேக்கை விட்டுவிட்டு, நீங்கள் வாங்கப் போகிற அந்த ஒரு பைக்கின் வரலாற்றைப் படியுங்கோ. அரசாங்கத்தின் எம்.ஓ.ரி வரலாற்றுப் பக்கத்தில் நம்பர் பிளேற்றைப் போட்டால் போதும், காசில்லை. ஒவ்வொரு வருட ரெஸ்ற்றும், அன்றைய மைலும், விழுந்த காரணமும், நாங்கள் எழுதின அட்வைசரியும் (விழுத்தாமல் கொடுக்கிற எச்சரிக்கைக் குறிப்பு) வரும். நான் முதலில் மைலைப் பார்ப்பேன். வருடா வருடம் ஏறவேண்டும். இறங்கியிருந்தால் அந்த வீட்டுக்கே போகாதேங்கோ. பிறகு இடைவெளி. ஒரு வருடம் ரெஸ்ற்றே இல்லையென்றால் வண்டி எங்கே நின்றது, வெளியிலா உள்ளேயா என்று விற்பவரிடம் கேளுங்கோ. மூன்றாவதுதான் முக்கியம். 2022-இல் ‘பின் பிறேக் பாட் தேய்ந்து வருகிறது’ என்று அட்வைசரி, 2023-இலும் அதே வரி, 2024-இல் அதே பாட் தேய்ந்து ஃபெயில். அப்படி ஒரு வரலாறு கண்டால், சொல்லச் சொல்லக் கேட்காத ஒரு மனிதரிடம் அந்த வண்டி வளர்ந்திருக்கிறது. அவர் எஞ்சின் ஒயிலை ஒழுங்காக மாற்றியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன். மாறாக, காலையில் பல்ப்புக்கு ஃபெயில், அன்று பின்னேரமே பாஸ் என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

மச்சான் சொல்வதில் ஒரு பாதி உண்மை. ஹொண்டா, யமஹா 125-களுக்கு எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவர்களும் அதிகம். சாமான் கிடைக்கிற வண்டியைத்தான் ஆட்கள் திருத்துவார்கள். அந்தக் காரணத்துக்காக வாங்கலாம். பெயருக்காக வாங்க வேண்டாம். பார்க்கப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கோ. முன் பிறேக்கை மட்டும் பிடித்து, பின்னால் சிவப்பு லைற் எரிகிறதா என்று அவன் பார்க்கட்டும். பிறகு பின் பிறேக்கை மட்டும். நடு ஸ்ராண்டில் நிறுத்தி, முன் சில்லைத் தூக்கி, ஹாண்டிலை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கோ. நடுவில் ஓரிடத்தில் ‘டக்’ என்று பொறுத்து நின்றால் ஹாண்டில் பேரிங் போய்விட்டது. அதற்கு விலையைக் குறைக்கலாம். சி.பி.ரி என்கிற அடிப்படைப் பயிற்சி செய்து, பழகுநருக்கான எல் பிளேற் போட்டால் 17 வயதில் 125 ஓடலாம். அந்த சேர்ட்டிபிக்கேற் இரண்டு வருடத்துக்கு மட்டும் என்பதையும் இப்போதே அவனுக்குச் சொல்லிவையுங்கோ.

அண்ணா, நான் படிக்க வந்து டெலிவரி வேலை செய்கிறேன். நேற்று என் பைக் ஃபெயில். செயின் தளர்வு என்று ‘மேஜர்’, முன் பிறேக் பிடித்தால் லைற் எரியவில்லை என்று ‘மேஜர்’, பின் ரயரில் நூல் தெரிகிறது என்று ‘டேஞ்சரஸ்’. திருத்த 240 பவுண் கேட்கிறார்கள். வேண்டுமென்றே விழுத்தினார்களோ என்று சந்தேகம். பழைய எம்.ஓ.ரி-யில் இன்னும் 12 நாள் இருக்கிறது. அதுவரை ஓடலாமா? — ஈஸ்ற்ஹாம் வாசகர்

ஓடாதே தம்பி. ஒரு நாளும் வேண்டாம்.

பழைய சேர்ட்டிபிக்கேற்றில் நாள் மிச்சமிருந்தால், ‘மேஜர்’ மட்டும் உள்ள வண்டியைக் கொண்டுபோய்த் திருத்துவதற்கு வழி இருக்கிறது. ‘டேஞ்சரஸ்’ என்று எழுதினபிறகு அந்த 12 நாளும் உனக்கு உதவாது. பிடிபட்டால் 2,500 பவுண் வரை தண்டம், லைசென்ஸில் மூன்று புள்ளி, ஓடத் தடையும் வரலாம். பொலிஸை விடு. நூல் தெரிகிற பின் ரயர், முதுகில் பெட்டியோடு 40 மைல் வேகத்தில் வெடித்தால் என்ன நடக்கும் என்று ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவன் சொல்கிறேன். வாடகையும் பீஸும் கட்ட வேண்டும், ஒரு நாள் ஓடாவிட்டால் அந்த நாள் காசு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நானும் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன்.

விழுத்தினார்களா என்ற சந்தேகத்துக்கு நீயே விடை காணலாம். 50 சி.சி.-க்கு மேல் உள்ள பைக்கின் ரயரில், அகலத்தின் முக்கால் பங்கில், சுற்றிவர 1 மி.மீ. ஆழமாவது இருக்கவேண்டும். நூல் தெரிந்தால் அளக்கவே தேவையில்லை. நிலத்தில் குந்தியிருந்து பார். கண்ணுக்குத் தெரிந்தால் அவர் எழுதினது சரி. சரியில்லை என்று உனக்கு உறுதியாகப் பட்டால், ரெஸ்ற் நடந்து 14 வேலை நாளுக்குள், எம்.ஓ.ரி-யை மேற்பார்வை செய்கிற அரசாங்க நிறுவனமான டி.வி.எஸ்.ஏ-க்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கு முன்னர் ஒன்றையும் திருத்திவிடாதே, திருத்தினால் காட்ட எதுவும் இருக்காது.

240 பவுண் விஷயம். ரெஸ்ற் செய்த இடத்திலேயே திருத்த வேண்டும் என்று சட்டம் இல்லை. வண்டியை அங்கேயே விட்டுத் திருத்தினால் 10 வேலை நாளுக்குள் மறு ரெஸ்ற்றுக்குக் காசில்லை. வெளியில் கொண்டுபோய்த் திருத்தி, அந்த 10 நாளுக்குள் அங்கேயே திரும்பக் கொண்டுவந்தால் கூடியது அரைவாசிக் கட்டணம். முழு ரெஸ்ற்றுக்கே உச்சக் கட்டணம் 29 பவுண் 65 பென்ஸ்தான். ஆகவே கணக்குப் போட்டுப் பார். செயின் தளர்வு சாமான் மாற்றாமலே சரிவரலாம், பின் அச்சைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே குறியில் இழுத்து இறுக்கவேண்டும். எவ்வளவு தொங்கவேண்டும் என்று கைநூலில் இருக்கும். பல்லுச்சக்கரத்தின் பல்லு சுறா மீனின் பல்லுப் போல வளைந்திருந்தால் மட்டும் முழு செற்றும் மாற்று. முன் பிறேக் சுவிட்ச், லீவருக்குக் கீழே இருக்கிற சின்னச் சாமான். மாரியில் உப்பும் நீரும் போய் இறுகிவிடும். கழற்றித் துடைத்து ஸ்பிறே அடித்தாலே அரைவாசி சுவிட்ச் உயிர் பெறும். மிஞ்சுவது ரயர். சில்லைக் கழற்றி பஸ்ஸில் ரயர்க் கடைக்குக் கொண்டுபோனால் கூலி குறையும். வண்டியை உருட்டிக்கொண்டு வர ஆள் இல்லையென்றால், ஞாயிறு காலையில் நம்முடைய கோயில் வாசலில் இரண்டு பெடியன்களைக் கேள். ஒருவரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

புது பைக்குக்கு முதல் மூன்று வருடம் ஏன் ரெஸ்ற் இல்லை? — லெஸ்ரர் வாசகி

1960-இல் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது இந்த ரெஸ்ற் தொடங்கினது, பத்து வருடம் பழைய வாகனங்களுக்குத்தான். அடுத்த வருடம் ஏழு வருடம் என்றார்கள். 1967-இல் மூன்றாகக் குறைத்தார்கள். வாரக்கடைசிப் பைக்குக்கு மூன்று வருடம் போதும். வருடம் 15,000 மைல் ஓடுகிற டெலிவரிப் பைக், முதல் ரெஸ்ற்றுக்கு வரும்போது 45,000 மைல் ஓடியிருக்கும். அதுவரை படித்த கண் ஒன்றும் அதன் பிறேக்கைப் பார்த்திருக்காது. அவர்களுக்கு ஒரு வருடம் என்று ஆக்கவேண்டும் என்பது என் கருத்து. கட்டணத்தை வேலை கொடுக்கிற கொம்பனிதான் கட்டவேண்டும்.

தம்பி, தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஹொண்டா எம்.டி.90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எம்.ஓ.ரி-யும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருநாளும் நின்றதில்லை. இங்கே பல்ப் ஒன்றுக்குக் காகிதம் நீட்டுகிறீர்கள். — ஒரு முதியவர், வெம்ப்ளி

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அந்த வாசமே வந்துவிட்டது.

பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் போத்தலில் விற்ற காலம். நான் கொக்குவிலில் சித்தப்பாவின் கராஜில் சாவி எடுத்துக் கொடுக்கிற பெடியன். கார்பரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ராட் பண்ணி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வாரத்துக்கு ஒருதரம் பிளக் கழற்றிக் கரி சுரண்டுவேன். பின்னால் வெள்ளைப் புகை, கண் எரியும். ஆனால் ஓடியது, நீங்கள் சொல்வது உண்மை. அந்த எஞ்சின்களைப் போல இன்னொன்றை நான் கண்டதில்லை.

ஆனால் ஓடினதைத்தான் நாங்கள் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். பிறேக் சூ, அதாவது சில்லின் ட்ரம்மை உள்ளேயிருந்து உரசி நிறுத்துகிற துண்டு, அந்த நேரம் வராது. தேய்ந்த சூவில் பழைய லொறி லைனரை வெட்டி ஒட்டித்தான் சித்தப்பா கொடுப்பார், வேறு வழியில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வாத்தியார். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரியூசனுக்குப் போகும் வழியில், மழையில், அந்த ஒட்டு விட்டு லைனர் ட்ரம்முக்குள் சிக்கி முன் சில்லு பூட்டிக்கொண்டது. இருவரும் றோட்டில். பிள்ளையின் வலது கை முழங்கைக்கு மேலே முறிந்தது. அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. எஞ்சின் மட்டும் விழுந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது என்று தூக்கப் போனவர்கள் சொன்னார்கள். சித்தப்பா மூன்று நாள் கடை திறக்கவில்லை. அந்த லைனருக்குப் பசை பூசினது நான்.

இப்போது ஊரில் வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்யாமல் வாகன வரிப்பத்திரம் எடுக்க முடியாது. இங்கே நேர்மாறு. மோட்டார் சைக்கிளின் புகையை நாங்கள் அளப்பதில்லை, நிற்குமா என்றுதான் பார்க்கிறோம். இரண்டும் வேண்டும் என்பேன். ஒன்றுதான் தருவோம் என்றால் பிறேக்கைத்தான் கேட்பேன். பல்ப்புக்குக் காகிதம் நீட்டும்போது என்னைக் கோபிக்காதேங்கோ ஐயா.

அண்ணா, அப்பா 1983-இல் லண்டனில் வாங்கின ஹொண்டா சி.ஜி.125 ஆறு வருடமாக எங்கள் ஷெட்டில் நிற்கிறது. அப்பா போன கார்த்திகையில் காலமானார். ஆட்டத் திவசத்தன்று என் மகன் அதைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு வர ஆசைப்படுகிறான். அவனுக்கு முழு லைசென்ஸ் இருக்கிறது. 40 வருடம் தாண்டினால் எம்.ஓ.ரி தேவையில்லை என்கிறார்கள், உண்மையா? — குறொய்டன் வாசகி

உண்மைதான் தங்கச்சி. 2018-இலிருந்து, 40 வருடம் கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத வாகனத்துக்கு எம்.ஓ.ரி கட்டாயமில்லை. ரோட் ராக்ஸும் பழைய வாகன வகுப்புக்கு மாற்றினால் பூச்சியம், ஆனால் பதிவு செய்யவேண்டும். இன்சூரன்ஸ் கட்டாயம். இப்போது றோட்டில் இல்லை என்று அறிவித்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால், ராக்ஸ் எடுக்குமுன் றோட்டில் இறக்க முடியாது. முன்கூட்டிப் பதிந்த எம்.ஓ.ரி-க்குப் போகும் பயணம் மட்டும்தான் விலக்கு.

சட்டம் கேட்காவிட்டாலும் ரெஸ்ற் செய்யுங்கோ. கட்டாயமில்லாத வண்டியையும் அதே கட்டணத்துக்கு நாங்கள் பார்ப்போம்.

அப்பா நல்ல வண்டியைத்தான் தேர்ந்திருக்கிறார். ஒயில் மாற்ற மறக்கிறவர்கள், தூசி றோட்டு, பாரம், இதையெல்லாம் யோசித்து ஹொண்டா செய்த எஞ்சின் அது. 1976-இலிருந்து வந்தது. செயினைச் சுற்றி முழுவதும் மூடிய பெட்டி இருப்பதால் செயின் நன்றாகவே இருக்கும். ராங்கில் உள்ள பெற்றோல் பழுதாகியிருக்கும், வடித்துவிட்டு கார்பரேற்றரைத் துப்பரவாக்க வேண்டும். ரயர் இரண்டும் ஆழம் இருந்தாலும் மாற்றுங்கோ, ஆறு வருடம் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்ற ரப்பர். பற்றரியும் புதியது. 1986-க்கு முந்தின பைக் என்றபடியால் பிறேக் லைற் ஒரு பிறேக்குக்கு எரிந்தாலே விதிப்படி போதும். இரண்டுக்கும் எரியப் பண்ணினால் எனக்குச் சந்தோஷம்.

எஞ்சினை ஸ்ராட் பண்ண மகன் அவசரப்படுவான். அவன் அதை உதைக்கிறதுக்கு முதல், முன்னும் பின்னும் உள்ள இரண்டு பிறேக் ட்ரம்மையும் திறக்கச் சொல்லுங்கோ. அந்தக் காலத்துச் சூவில் லைனரை ஒட்டித்தான் வைத்திருப்பார்கள். ஈரத்தில் நின்றால் அடியில் துரு பிடித்து ஒட்டு விடும். வெளியில் பார்த்தால் நல்லது போலவே இருக்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்க்கட்டும். கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும் புதுச் சூ போடுங்கோ, விலை அதிகமில்லை. திவசத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை பதியுங்கோ, அன்று என்னிடம் கூட்டம் குறைவு. ஏதாவது விழுந்தாலும் திருத்தி, திரும்பக் கொண்டுவர நாள் இருக்கும்.